இருமலைத் திருடியவர்கள்

முதல் சிகரெட் யாருக்கும் ருசித்ததில்லை.

தியேட்டர் பின்சந்திலோ, ஹாஸ்டல் மொட்டை மாடியிலோ, கல்யாண மண்டபத்து மாடிப்படிக்கு அடியிலோ யாரோ ஒரு சீனியர் நீட்டியதை வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொண்டை எரியும். கண்ணில் தண்ணீர் முட்டும். குடலே வெளியே வந்துவிடும் போல ஒரு இருமல் வரும். 'இந்தக் கருமத்தையா காசு கொடுத்து வாங்குறானுங்க?' என்று தோன்றும். அன்றோடு விட்டவர்கள் ஏராளம். விடாமல் பிடித்தவர்கள்கூட, பழகிக்கொள்வதற்குள் பத்து இருபது தடவை கஷ்டப்பட்டிருப்பார்கள்.

அந்த இருமல் சும்மா வரவில்லை. அது நம் உடம்பு வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் வாட்ச்மேன். 'உள்ளே வராதே' என்று கத்துகிற வாட்ச்மேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. எந்த அரசாங்கமும் எந்தச் சட்டமும் செய்ய முடியாத காவலை, 13 வயசுப் பையனுக்கு அது செய்துகொண்டிருந்தது.

வேப் என்று செல்லமாக அழைக்கப்படும் இ-சிகரெட் செய்த மிகப் பெரிய காரியம், அந்த வாட்ச்மேனைத் தூங்க வைத்ததுதான். மாம்பழ வாசனை, பளபள டிசைன், இன்ஸ்டாகிராம் புகை வளையம் எல்லாம் அப்புறம்.

"வெறும் ஆவிதானே ஸார்? இட்லிப் பானையில வர்ற மாதிரி?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள்.

இல்லை ஸார். இட்லிப் பானையில் நிகோட்டின் கிடையாது.

இ-சிகரெட்டின் அமைப்பு ரொம்ப எளிது. ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடாகி, திரவம் நுண்துளிகளாகக் கிளம்பும். பார்க்க ஆவி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். திரவத்தில் ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை ரசாயனங்கள், இவற்றோடு பெரும்பாலும் நிகோட்டின். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு மாதிரி சமாசாரங்களும் உருவாகும். சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் நுரையீரலுக்குள் போகும். சிகரெட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால், குறைவு என்பதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம் கிடையாது.

இன்றைய இ-சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர். தானே சிகரெட்டுக்கு அடிமையாக இருந்தவர். அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விட முடியாமல் தவிக்கிற பெரியவர்களுக்கு ஒரு மாற்று என்பதுதான் அவர் நோக்கம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால், ஆரம்ப கால இ-சிகரெட்டுகளுக்கு ஒரு பிரச்னை இருந்தது. திரவத்தில் நிகோட்டினைக் கூட்டினால் தொண்டை எரியும். வாட்ச்மேன் விழித்துக்கொள்வார். குறைத்தால் 'கிக்' போதாது.

இந்தப் பிரச்னைக்கு அமெரிக்காவில் விடை கண்டுபிடித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டிசைன் படித்த ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் என்ற இருவரின் கம்பெனி 2015 ஜூனில் 'ஜூல்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசப்பில் பென் டிரைவ் மாதிரியே இருக்கும். லேப்டாப்பில் செருகி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அப்பா பார்த்தால் 'பரவாயில்லையே, பையன் பிராஜெக்ட் பண்றான்' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

நிஜமான வேலை உள்ளே இருந்தது. நிகோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து அதை உப்பு வடிவமாக மாற்றினார்கள். ஊறுகாய் பாட்டிலில் கெட்டுப்போகாமல் இருக்க சோடியம் பென்சோயேட் போடுகிறார்களே, அந்தக் குடும்பத்து அமிலம்தான். இதைச் சேர்த்ததும் நிகோட்டினின் காரம் அடங்கிவிட்டது. தொண்டை எரியவில்லை. இருமல் வரவில்லை. ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்!

ஊற்றினார்கள். அமெரிக்காவில் விற்ற ஜூலில் ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோட்டின். கட்டை விரல் நகமளவு இருக்கும் ஒரு குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான நிகோட்டின் இருப்பதாகக் கம்பெனியே சொன்னது. ஐரோப்பாவில் 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் உண்டு. அங்கே இதே கம்பெனி சமர்த்தாக அந்த அளவுக்குள் விற்றது. சட்டம் இருக்கிற ஊரில் மூன்றில் ஒரு பங்கு. இல்லாத ஊரில் முழுசு. வியாபாரத்தின் மனசாட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அப்புறம் ஃப்ளேவர். மாம்பழம், புதினா, வெள்ளரிக்காய், க்ரெம் ப்ரூலே என்ற இனிப்பு. 30 வருஷமாக சிகரெட் பிடித்து, விட முடியாமல் இருமிக்கொண்டிருக்கும் 55 வயது லாரி டிரைவரை மனதில் வைத்தா க்ரெம் ப்ரூலே தயாரிக்கிறார்கள்?

பிள்ளைகளுக்கு இதில் நிகோட்டின் இருப்பதே தெரியவில்லை என்பதுதான் கொடுமை. 15 முதல் 24 வயதுக்குள் ஜூல் பயன்படுத்தியவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஜூலில் எப்போதும் நிகோட்டின் உண்டு என்பதே 63 சதவிகிதம் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாம்பழ ஆவி இழுப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். மருத்துவத்தைவிட வரவு செலவுக் கணக்கு எனக்குக் கொஞ்சம் நன்றாகப் புரியும். அந்தக் கண்ணோடு அடுத்து வரும் எண்களைப் பாருங்கள்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இ-சிகரெட் பிடித்தவர்கள் 2017-ல் 11.7 சதவிகிதம். 2018-ல் 20.8. 2019-ல் 27.5. அதாவது நாலு பேருக்கு ஒருவருக்கும் மேல். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தால் 2019-ல் 50 லட்சம் பேருக்கு மேல். இரண்டே வருஷத்தில் இப்படி ஒரு வளர்ச்சியை எந்த சோப்பு கம்பெனியும், எந்த பிஸ்கட் கம்பெனியும் கனவில்கூடப் பார்த்திருக்காது. 2018 டிசம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ் இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தார்.

அதே 2018 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. மார்ல்பரோ சிகரெட்டை அமெரிக்காவில் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி, ஜூலின் 35 சதவிகிதப் பங்கை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது. ஜூலின் ஊழியர்களுக்கு 200 கோடி டாலர் போனஸ் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே மாதம். ஒரு பக்கம் 'பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்' என்று டாக்டர் கத்துகிறார். இன்னொரு பக்கம் 'அந்தப் பிள்ளைகளோடு சேர்த்துக் கடையை எழுதிக் கொடு' என்று சிகரெட் கம்பெனி செக்கை நீட்டுகிறது.

எதற்காக இவ்வளவு விலை? இங்கேதான் காமர்ஸ் மூளை தேவைப்படுகிறது.

சிகரெட் கம்பெனிக்கு ஒரு விசித்திரமான தொழில் சிக்கல் உண்டு. அதன் பொருளை ஒழுங்காகப் பயன்படுத்துகிற வாடிக்கையாளர் சீக்கிரம் செத்துப்போகிறார். அல்லது பயந்துபோய் விட்டுவிடுகிறார். காலியாகும் இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். 1984-ல் ஆர்.ஜே.ரெனால்ட்ஸ் கம்பெனிக்குள் சுற்றிய ஓர் ஆவணம், இளவட்டங்களுக்கு 'மாற்றுப் புகைப்பாளர்கள்' என்றே பெயர் வைத்தது. போனவர்களுக்குப் பதில் வருகிறவர்கள்! அதே கம்பெனி 1988 முதல் 1997 வரை 'ஜோ கேமல்' என்ற கார்ட்டூன் ஒட்டகத்தை வைத்து சிகரெட் விற்றது. 6 வயதுக் குழந்தைகள் மிக்கி மவுஸை அடையாளம் கண்ட அளவுக்கு அந்த ஒட்டகத்தையும் அடையாளம் கண்டார்கள் என்று 1991-ல் ஓர் ஆய்வு சொன்னது.

45 வயதில் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறுகிறவர் கம்பெனிக்கு எத்தனை வருஷம் பணம் கொடுப்பார்? நிஜமாகவே அதையும் விட்டுவிட்டால் வருமானம் பூஜ்யம். 15 வயதில் பிடிபடுகிறவனோ? 40 வருஷ எல்.ஐ.சி. பாலிசி மாதிரி. மாதா மாதம் பிரீமியம் தவறாமல் வரும். பாலிசி எடுத்த விஷயம் மட்டும் அவனுக்குத் தெரியாது.

மூளை முழுதாக வளர்ந்து முடிய சுமார் 25 வயதாகும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதுவரை மூளை ஈரச் சிமென்ட் மாதிரி. இழுத்த சில விநாடிகளில் நிகோட்டின் அங்கே போய்ச் சேர்கிறது. கவனம், ஞாபகசக்தி, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் ஆகியவற்றை அது பாதிக்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் அடிமையாவதும் இதனால்தான். கிடைக்காவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை. 'பையன் ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறான்?' என்று அம்மா பரீட்சை டென்ஷனைச் சந்தேகிப்பார். பரீட்சை பாவம், அதற்குச் சம்பந்தமே இருக்காது.

வேப்பில் ஆரம்பிக்கும் பிள்ளைகள் பிறகு சிகரெட்டுக்கும் போகும் அபாயம் அதிகம் என்பதற்குக் கணிசமான ஆதாரம் உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை 2018-லேயே சொல்லிவிட்டது. சிகரெட்டை ஒழிக்க வந்தது சிகரெட்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

2019-ல் அமெரிக்காவில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் மரணம். இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முக்கியக் காரணம், கஞ்சாச் சத்து கலந்த, பெரும்பாலும் கள்ளச்சந்தைத் திரவத்தில் சேர்க்கப்பட்டிருந்த விட்டமின் ஈ அசிடேட். ஜூல் மாதிரிப் பொருட்களின் தலையில் அந்த மரணங்களைக் கட்ட முடியாது. ஆனால், கையில் இருக்கும் கருவிக்குள் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பது இழுக்கிறவனுக்குத் தெரியாது என்ற பாடத்தை 68 உயிர்கள் கொடுத்துக் கற்க வேண்டியிருந்தது.

2019 ஜூலையில் இந்த விவகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்தது. அதன் தலைவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி. இரண்டு டீன்ஏஜ் பையன்கள் வந்து சாட்சி சொன்னார்கள். தங்கள் பள்ளிக்கு ஜூலின் பிரதிநிதி ஒருவர் வந்ததாகவும், ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு, இது முற்றிலும் பாதுகாப்பானது என்று வகுப்பில் சொன்னதாகவும் அவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளுக்கான ஐந்து வார கோடைக்கால முகாம் ஒன்றுக்குக் கம்பெனி 1,34,000 டாலர் கொடுத்ததும் அந்த விசாரணையில் வெளிவந்தது. எல்லாம் 'விழிப்புணர்வு' என்ற பெயரில்! திருடனே தெருவில் மைக் பிடித்து 'பூட்டைப் பலமாகப் போடுங்கள், சாவி எங்கே வைப்பீர்கள்?' என்று கேட்ட கதைதான். பள்ளி நிகழ்ச்சிகளை 2018-லேயே நிறுத்திவிட்டதாக கம்பெனி பதில் சொன்னது.

ஜூல் விளம்பரத்துக்காக நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க் ஆகியவற்றின் இணையதளங்களில் இடம் வாங்கியது என்று 2020-ல் மாசசூசெட்ஸ் மாநில அரசு வழக்கு போட்டது. பிள்ளைகளைக் குறிவைக்கவே இல்லை என்று கம்பெனி கடைசிவரை சாதித்தது. சாதித்துக்கொண்டே பணத்தைக் கட்டியது. 2021-ல் வட கரோலினாவுக்கு 4 கோடி டாலர். 2022-ல் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 43.85 கோடி. 2023-ல் நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்ட 6 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் 46.2 கோடி. கூட்டிப் பாருங்கள், 94 கோடியே சொச்சம். ஆல்ட்ரியா ஒரே நாளில் கொடுத்த 1,280 கோடியில் நூற்றுக்கு எட்டுகூட இல்லை.

ஆல்ட்ரியா கதை தனி காமெடி. 1,280 கோடிக்கு வாங்கிய பங்கின் மதிப்பு 2022 முடிவில் 25 கோடி. அடுத்த வருஷம் அதையும் கைகழுவிவிட்டு வெளியே வந்தது. விற்றவன் பணக்காரன் ஆனான், வாங்கியவன் ஏமாந்தான் என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிடலாம். பழக்கத்தில் மாட்டிய பிள்ளைகள்? அவர்களுக்கு பேலன்ஸ் ஷீட்டில் வரியே கிடையாது.

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம். "பெரியவர்கள் சிகரெட்டை விடுவதற்கு இது உதவுகிறதே. அதைத் தடுக்கலாமா?"

உதவுகிறது என்பது உண்மை. நிகோட்டின் பபிள்கம், பிளாஸ்டரைவிட இது கூடுதல் பேரை சிகரெட்டிலிருந்து விடுவிக்கிறது என்று நல்ல ஆய்வுகள் சொல்கின்றன. சரி, அப்படியானால் இது மருந்து. மருந்து எப்படி விற்கப்பட வேண்டும்? ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடையில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அதுவும் ஆடம்பர அட்டைப்பெட்டி இல்லாமல். மாம்பழம் இல்லாமல். மருந்து என்று வாதாடிவிட்டு மிட்டாய்க் கடையில் விற்பது என்ன நியாயம்? 'ஸார், இது பெரியவங்களுக்கு' என்று சொல்லிக்கொண்டே பஞ்சு மிட்டாய் வாசனையை ஏன் ஊற்ற வேண்டும்?

ஒரு பொருள் யாருக்காகத் தயாரிக்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். அதன் தொண்டையைப் பாருங்கள். 30 வருஷமாகப் புகைத்தவருக்கு இருமல் ஒரு தடையே அல்ல. அது அவருக்குப் பழகிப்போன விஷயம். இருமல் தடையாக இருப்பது புதிதாக வருகிறவனுக்கு மட்டும்தான். அந்த இருமலை அகற்ற ஒருவர் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால், லாபம் புதிதாக வருகிறவனிடம்தான் போய் முடியும்.

அமெரிக்காவில் 2019 டிசம்பரில் வயது வரம்பை 21 ஆக்கினார்கள். வழக்குகள், பிரசாரம் எல்லாம் சேர்ந்து பலன் கொடுத்தன. 2019-ல் 50 லட்சத்துக்கு மேலிருந்த மாணவர் எண்ணிக்கை 2024-ல் 16.3 லட்சமாக இறங்கியது. ஆக, மனசு வைத்தால் முடிகிறது. ஆனால், அந்த 16.3 லட்சத்தில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வாசனை சேர்த்த சரக்கையே இழுத்தார்கள். 2020-ல் குப்பி மாற்றுகிற வகையில் மட்டும் பழ வாசனைக்குத் தடை வந்ததும், தூக்கியெறியும் ரகங்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்தன. அதே தூக்கியெறியும் ரகங்கள் பிள்ளைகளிடம் பரவியதால்தான் பிரிட்டன் 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து அவற்றைத் தடை செய்தது. 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜூலின் இரண்டு வகைகளுக்கு முறைப்படி அனுமதி கொடுத்தது. ஒன்று புகையிலைச் சுவை. இன்னொன்று மெந்தால். தொண்டைக்குக் குளுகுளுவென்று இருக்குமே, அந்த மெந்தால்! வாட்ச்மேனுக்கு மறுபடி தாலாட்டு.

"அமெரிக்கா எக்கேடு கெட்டா நமக்கென்ன? நம்ம ஊர்லதான் தடை இருக்கே" என்பீர்கள்.

இருக்கிறது. தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 தொடக்கத்தில் ஜூல் இந்தியாவுக்குள் வர ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 18-ம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடு முழுக்கத் தடை என்று அறிவித்தார். டிசம்பரில் அது சட்டமானது. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய, சேமித்து வைக்கத் தடை. தயாரித்தோ விற்றோ முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு, 5 லட்சம்.

நல்ல சட்டம்தான். கை தட்டலாம். ஆனால், தட்டிய கையோடு தூங்கப் போய்விட்டோம். பள்ளிக்கூடங்களின் பக்கத்திலும், ஸ்டேஷனரி கடைகளிலும், ஆன்லைனிலும் இது கிடைக்கிறது, பிள்ளைகள் கைக்குச் சுலபமாகப் போகிறது என்று 2023-ல் மத்திய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தடை வந்து மூன்றரை வருஷம் கழித்து!

இதில் நமக்கு ஆச்சரியம் வேறா? 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவைத் தடை செய்தார்கள். பெட்டிக்கடையில் போய், 'அண்ணே, அது இருக்கா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் போதும் என்ற நிலைமை எத்தனை வருஷம் நீடித்தது? 'கூல் லிப்' என்று ஒன்று. சின்னப் பொட்டலமாக உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலை. புதினாக் குளிர்ச்சி வேறு. பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைப் பார்த்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டு, நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. கவனித்தீர்களா, அதே தந்திரம்! அமெரிக்காவில் பென்சாயிக் அமிலம் செய்ததை இங்கே புதினா செய்கிறது. காரத்தை மறை, வாட்ச்மேனைத் தூங்க வை, பிள்ளையை உள்ளே இழு. பணக்காரப் பள்ளிக்கு வேப், அரசுப் பள்ளிக்கு கூல் லிப். வகுப்புதான் வேறு, பாடத்திட்டம் ஒன்று.

இன்னொரு கசப்பான கணக்கும் பாக்கி இருக்கிறது. புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 13.5 லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சாவுகள் வேப்பால் அல்ல. சிகரெட், பீடி, குட்கா, ஜர்தாவால். வேப்பைத் தடை செய்த அரசு, சிகரெட்டைத் தொடவில்லை. இ-சிகரெட் தடை அறிவிப்பு வந்த அன்று பங்குச் சந்தையில் சிகரெட் கம்பெனிகளின் பங்குகள் ஏறின. ஏன் ஏறாது? போட்டிக் கடையை அரசே மூடிக் கொடுத்திருக்கிறது. ஐ.டி.சி.யின் பங்குகளில் சுமார் 15 சதவிகிதம் எல்.ஐ.சி. கையில் இருக்கிறது. நம் உயிருக்கு இன்ஷூரன்ஸ் என்று நீங்களும் நானும் கட்டிய பிரீமியம் சிகரெட்டிலும் முதலீடாகியிருக்கிறது! வேப் தடை சரியானது. அதைவிடப் பெரிய கொலைகாரனோடு அரசு கூட்டு வைத்திருப்பது சரியல்ல. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க விடக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் பெற்றோர். வேப் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பென் டிரைவ், ஸ்கெட்ச் பேனா, லிப்ஸ்டிக் மாதிரியெல்லாம் வருகிறது. சிகரெட் வாசனை வராது. பழ வாசனை வரும். வீட்டில் இல்லாத மாம்பழம் பையில் மணந்தால் சந்தேகப்படுங்கள். சந்தேகப்பட்டதும் பெல்ட்டை உருவாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். 'உன்னை ஏமாத்திட்டாங்கடா. உன் இருமலை எடுத்துட்டுத்தான் இதை வித்திருக்காங்க' என்று சொல்லிப் பாருங்கள். 'கேன்சர் வரும்' என்றால் 15 வயசுக்குக் காதில் ஏறாது. 'ஏமாந்துவிட்டாய்' என்றால் ரோஷம் வரும்.

அடுத்து பள்ளிகள். பிடிபட்ட பையனுக்கு டி.சி. கிழித்துக் கொடுப்பது ரொம்பச் சுலபம். பள்ளியின் பெயர் பிழைக்கும், பையன் பிழைக்க மாட்டான். 2019 சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பயன்படுத்துகிறவனுக்கு அதில் தண்டனை இல்லை. விற்றவனுக்கும் வைத்திருந்த வியாபாரிக்கும்தான். சட்டத்துக்கு இருக்கும் இரக்கம் தலைமையாசிரியருக்கு வேண்டாமா? அந்தப் பையன் குற்றவாளி அல்ல, நோயாளி. விட விரும்புகிறவர்களுக்கு 1800-11-2356 என்று மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. டி.சி.யைத் தேடும் முன் அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

மூன்றாவது, போலீஸும் அதிகாரிகளும். பையனின் பையைச் சோதிப்பதில் காட்டும் வீரத்தை, அவனுக்கு விற்றவனிடம் காட்டுங்கள். பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-லிருந்தே சட்டம் சொல்கிறது. அளக்க டேப் இல்லை என்றால் சொல்லுங்கள், பெற்றோர் சங்கத்தில் வசூல் செய்து வாங்கித் தருகிறோம்.

நான்காவது, சட்டம் செய்கிறவர்கள். நாளைக்கு வேப் போய் வேறொன்று வரும். ஒவ்வொரு பெயராகத் துரத்திக்கொண்டு ஓடினால் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் இருப்போம். ஆகவே தந்திரத்தைத் தடை செய்யுங்கள். எந்தப் பெயரில் வந்தாலும் சரி, புகையிலையிலோ நிகோட்டினிலோ இனிப்பு, பழம், புதினா என்று எதையும் சேர்க்கக்கூடாது, காரத்தை மறைக்கக்கூடாது என்று ஒரே வரியில் சட்டம் கொண்டுவாருங்கள். விஷம் விஷமாகவே இருக்கட்டும். கசக்கட்டும், எரியட்டும்.

பிள்ளைகள் தப்பு செய்வார்கள். செய்து பார்ப்பதுதான் அந்த வயசு. நாமும் செய்தோம். நமக்கு முதல் இழுப்பிலேயே இருமல் வந்தது, பலர் தப்பித்தோம். அவர்களுக்கு அந்த ஒரு வாய்ப்பையும் மிச்சம் வைக்காமல் துடைத்தெடுத்து, மாம்பழ வாசனை போட்டு விற்கிறார்கள். பிடுங்கியவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.